புள்ளிகளை மட்டும் பார்த்தால் ஸ்டாக்டன் விடுபட்டுவிடுவார்

எடுத்த புள்ளிகளைக் கொண்டே என்பிஏ (வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரர்களை வரிசைப்படுத்தி வெளிவந்த கட்டுரையில் ஜான் ஸ்டாக்டனின் பெயர் இடம்பெறாதது வருத்தமளிக்கிறது. 1984 முதல் 2003 வரை யூட்டா ஜாஸ் என்ற ஒரே அணிக்காக 19 பருவங்கள் ஆடிய அவருடைய அசிஸ்ட்டுகள் (சக வீரர் உடனே கூடையில் போட வழிசெய்து கொடுத்த பந்துகள்) 15,806. எதிரணியிடமிருந்து பறித்த பந்துகள் 3,265. இவ்விரு சாதனைகளையும் இன்றளவும் எவரும் முறியடிக்கவில்லை. சக வீரர் கார்ல் மலோன் தடுப்பாட்டக்காரரை மறித்து நின்றுவிட்டுக் கூடையை நோக்கித் திரும்பும் அந்த நொடியில், ஸ்டாக்டன் விட்ட பந்து தரையில் ஒருமுறை பட்டெழுந்து அவர் கைக்குச் சரியாகப் போய்ச் சேரும். 1997, 1998 இறுதித் தொடர்களில் சிகாகோ அணியிடம் தோற்றதால் கோப்பை கிட்டவில்லை என்பது உண்மைதான். ஆயினும் தருமபுரியில் மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதையே பெரிதாக நினைப்பதால் (எறியட்டும், அதுவும் தேவையே), ஸ்டாக்டனின் பழைய ஆட்டங்களை அவர்களுக்குப் போட்டுக் காட்டி வருகிறேன். கட்டுரையாளர் அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டுகிறேன்.