பழைய பாட்டை மறுபடி பாடியது சோம்பேறித்தனம் இல்லை

ஒரு துயரத்துக்கு நிதி திரட்ட, பழைய ஹிட் பாட்டையே மறுபடி பதிவு செய்து வெளியிடுவதைப் பற்றி நேற்று ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். "புதுசா ஒண்ணு எழுதக்கூட மனசில்லையா இவங்களுக்கு?" அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1985 மே 11. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரம், வேலி பரேட் கால்பந்து மைதானம். மூன்றாம் டிவிஷன் லீகை வென்ற பிராட்ஃபோர்டு சிட்டி அணிக்கு அந்த சீசனின் கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். திருவிழாக் கூட்டம். இடைவேளை நெருங்கும்போது மர கேலரிக்கு அடியில் தீப்பிடித்தது. பலகை இடுக்குகள் வழியே வருஷக்கணக்கில் விழுந்த குப்பை அங்கே அள்ளப்படாமல் கிடந்தது. சில நிமிடங்களில் கேலரி முழுவதும் நெருப்பு. 56 பேர் இறந்துபோனார்கள். பின்பக்க வாசலை நம்பி ஓடியவர்கள் அவர்களில் பலர். அந்த வாசல்கள் மூடிக் கிடந்தன. முன்பக்கம் கம்பிவேலி இல்லாததால்தான் மற்றவர்கள் மைதானத்துக்குள் குதித்துப் பிழைத்தார்கள்.

சில வாரங்களிலேயே 'யூ வில் நெவர் வாக் அலோன்' மறுபடி வந்தது. 1945இல் ஒரு மேடை இசை நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டு அது. 1963இல் லிவர்பூலின் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழு பாடி பிரிட்டனின் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடிய ஜெர்ரி மார்ஸ்டனுக்கு அப்போது 21 வயது. லிவர்பூல் கால்பந்து அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்து ரசிகர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 1985இல் 'தி க்ரவுட்' என்ற பெயரில் பெரிய பட்டாளமே அவரோடு சேர்ந்தது. மோட்டார்ஹெட் என்ற ராக் குழுவின் லெம்மிகூட அதில் உண்டு. மறுபடியும் முதலிடம். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோன முதல் ஆள் மார்ஸ்டன்தான். பணம் பிராட்ஃபோர்டு நிவாரண நிதிக்குப் போனது.

இதற்குப் புதுப் பாட்டு எதற்கு? துக்க வீட்டில் யாரும் உட்கார்ந்து புது மெட்டுக் கற்றுக்கொள்வதில்லை. ஏற்கெனவே வாயில் இருப்பதுதான் வரும். இறந்தவர்கள் கேலரி ஜனங்கள். இந்தப் பாட்டும் 22 வருஷமாக கேலரியில் வளர்ந்தது. வேறு எந்தப் பாட்டும் அவர்களுக்கு அந்நியமாகவே இருந்திருக்கும்.

என் வருத்தம் வேறு இடத்தில். நான்கே ஆண்டுகளில் அதே மனிதர் இன்னொரு முறை ஸ்டூடியோவுக்குப் போக வேண்டி வந்தது.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களுக்குக் குதித்துத் தப்ப வழியில்லை. அங்கே கம்பிவேலி இருந்தது. உயிரிழந்தவர்கள் 97 பேர். மார்ஸ்டன் தன் ஊரைப் பற்றித் தானே எழுதிய 'ஃபெர்ரி க்ராஸ் த மெர்சி' பாட்டை பால் மெக்கார்ட்னி, ஹாலி ஜான்சன், தி கிறிஸ்டியன்ஸ் குழுவோடு மறுபடி பாடினார். மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. ஆனால் பழியை ரசிகர்கள் தலையிலேயே கட்டினார்கள். அவர்கள்மீது தவறில்லை என்று விசாரணை ஜூரி சொன்னது 2016இல். 27 வருஷம்! அதற்குள் எத்தனை பெற்றோர் கண்ணை மூடியிருப்பார்கள்!

பிராட்ஃபோர்டிலும் அந்த கேலரியின் தீ அபாயம் பற்றி முந்தின வருஷமே கிளப்புக்கு எழுத்தில் எச்சரிக்கை போயிருந்தது. குப்பையை அள்ளியிருந்தால் போதும், அந்த ரெக்கார்டுக்கே வேலை இருந்திருக்காது. பாட்டு நல்ல காரியம்தான் செய்தது. அதைச் சாக்காக வைத்து யார் பொறுப்பு என்ற கேள்வியை மட்டும் மறக்கக்கூடாது.

மார்ஸ்டன் 2021 ஜனவரியில் காலமானார். நண்பரே, அந்த 1963 பதிவை முதலில் கேளுங்கள், ஓர் இளைஞன் தனியாகப் பாடுவதை. உடனே 1985 பதிவைப் போடுங்கள். அதே வரியை ஒரு கூட்டம் எடுத்துப் பாடும். கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.