கையில்லாத வீனஸும் கேலியும்
மிலோ வீனஸ், கைகள் உடைந்துபோன பழைய கிரேக்கப் பளிங்குச் சிலை. பிற்காலக் கலைஞர்கள் அதைக் கேலிப்பொருளாக மட்டுமே பயன்படுத்தினார்கள் என்று அதைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 1936-இல் ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி அந்தச் சிலையின் நகலில் இழுப்பறைகளைப் பொருத்தியதை வைத்து அப்படி எழுதியிருக்கிறார்கள். அதையே நான் கேலியாகப் பார்க்கவில்லை, மனத்துக்குள் பூட்டி வைத்திருப்பதைத் திறந்து பார்க்கும் ஆசை அது. சரி, அதை விடுவோம். மேரி டஃபியை எப்படி மறந்தார்கள்? பிறவியிலேயே கைகள் இல்லாத அயர்லாந்துக் கலைஞர். வீனஸ் போலவே ஆடையின்றிப் பார்வையாளர்கள் முன் நின்று, சின்ன வயதிலிருந்து மருத்துவர்கள் தன்னைப் பற்றிச் சொன்னவற்றைத் தன் வாயாலேயே எடுத்துச் சொன்னார். அங்கே சிலை பேசுகிறது, நம்மைத் திருப்பிப் பார்க்கிறது. அப்புறம் பிரிட்டிஷ் சிற்பி மார்க் குவின், கைகளில்லாமல் பிறந்த ஆலிசன் லாப்பரை, அவர் கர்ப்பமாக இருந்த நிலையில், வெள்ளைப் பளிங்கில் செய்தார். 2005-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் காலிப் பீடத்தில் அதை வைத்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். உடைந்த பளிங்கை அழகு என்கிற அதே கண்கள்தான்! அந்தக் கட்டுரைக்கு வந்த பின்னூட்டத்தில் ஒரு நண்பர் 'கையில்லாததே அந்தச் சிலையின் முழுமை' என்று எழுதியிருக்கிறார். செதுக்கியவர் சிலைக்குக் கைகளும் வைத்துத்தான் செதுக்கினார். 1820-இல் மிலோஸ் தீவில் கிடைத்தபோதுதான் கைகள் இல்லை. ஓவியம் படித்த நாட்களில் அதன் பிளாஸ்டர் நகலைப் பலமுறை வரைந்திருக்கிறேன், தோள் முடியும் இடத்தில் பென்சிலை நிறுத்தியபோது உடைந்த பளிங்கை அழகு என்கிற நாம் கையில்லாத மனிதரை ஏன் அப்படிப் பார்ப்பதில்லை என்ற கேள்வி ஒருமுறைகூட எனக்கு வந்ததில்லை. டஃபியைப் பற்றி வாசித்த பிறகுதான் வந்தது.