வனக்காப்பாளர் வேலை மிச்சத்துக்கு எடுக்கும் வேலை இல்லை

குரூப் 4 முடிவு வந்த கையோடு எங்கள் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். வி.ஏ.ஓ. கிடைத்தால் முதல் சந்தோஷம். இல்லையென்றால் ஜூனியர் அசிஸ்டன்ட், அதுவும் சேலம் டவுனுக்குள். ரேங்க் அதற்கும் எட்டவில்லையென்றால், "ஃபாரஸ்ட் கார்டு எடுத்துக்கலாங்களாய்யா? என்னதான் இருந்தாலும் கவர்மென்ட் வேலைதானுங்களே?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன் நான்.

கேட்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோச்சிங் சென்டருக்குக் கட்டிய பணம், ஏறிக்கொண்டே போகும் வயது, வீட்டில் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா, எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். வேறு வழியில்லாமல் வந்து மாட்டிக்கொண்டவருக்கு நிம்மதி இருக்காது. அவர் பொறுப்பில் இருக்கும் காட்டுக்குக் காவலும் இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காக்கி போட்டு காட்டுக்குள் போகிற எல்லோரையும் நம் ஊரில் 'ரேஞ்சர்' என்றுதான் சொல்கிறோம். ரேஞ்சர் என்பவர் வனச்சரக அலுவலர், ஒரு சரகம் முழுக்க அவர் பொறுப்பு. சேர்வராயன் வடக்கு, சேர்வராயன் தெற்கு என்று நம் மலையிலேயே தனித்தனிச் சரகங்கள் இருக்கின்றன. அவருக்குக் கீழே வனவர், அதாவது ஃபாரஸ்டர். அவருக்குக் கீழே வனக்காப்பாளர், நாம் சொல்லும் கார்டு. அடுத்தது வனக்காவலர், வாட்சர். ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு. வாட்சருக்குப் பத்தாம் வகுப்பு போதும். கார்டுக்கு பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குள் வந்துவிட்டன. முன்பு வனத்துறையின் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் தனியாகத் தேர்வு நடத்தியது. நேரடியாக ரேஞ்சர் ஆக வேண்டுமென்றால் டிகிரி முடித்து குரூப் 6 எழுத வேண்டும். 'வனத் தொழில் பழகுநர்' என்று அறிவிப்பு வரும், பெயரைப் பார்த்து ஏதோ அப்ரன்டிஸ் வேலை என்று விட்டுவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் படித்தவர்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு. அதற்கும் மேலே உதவி வனப் பாதுகாவலருக்கு குரூப் 1ஏ, இந்திய வனப் பணியான ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு யு.பி.எஸ்.சி.

கார்டுக்கு அடிப்படைச் சம்பளம் 18,200-ல் தொடங்குகிறது, வாட்சருக்கு 16,600. படிகள் தனி. கவுரவமாகக் குடும்பம் நடத்தலாம். பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தேர்வைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண். நூறு கேள்வி தமிழ், எழுபத்தைந்து பொது அறிவு, இருபத்தைந்து கணக்கும் திறனறிவும். இதைத் தாண்டினால் உடற்தகுதி: ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர் உயரம், பெண்களுக்கு 150, பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. பிறகு நடை. ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 16 கிலோமீட்டரும் நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். 25 கிலோமீட்டர் என்றால் சேலத்திலிருந்து மல்லூர் போய்த் திரும்புகிற தூரம், கிட்டத்தட்ட.

அந்த மொத்தத் தேர்விலும் இந்த வேலைக்காகவே வைத்தது இந்த நடை ஒன்றுதான். அதுவும் சமதளத்தில். வி.ஏ.ஓ.வுக்கும் தட்டச்சருக்கும் கேட்கும் அதே இருநூறு கேள்விதான் காட்டைக் காக்கப் போகிறவருக்கும். அதில் தேர்ந்து வருகிறவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குக் காட்டுக்குள் போகும் மனசு இருக்கிறதா என்று யாரும் கேட்பதே இல்லை.

மாசி பிறந்தால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். சித்திரை முடிந்து மழை விழும்வரை தீதான் பேச்சு. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை இப்போது போனுக்கே வந்துவிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்குப் போக எந்த ஓடை வழி, எங்கே பாறை மறிக்கும், இந்த வெயிலில் எந்தச் சுனையில் இன்னும் தண்ணீர் இருக்கும் என்பது போனில் வராது. அடிவாரத்திலிருந்து பார்த்தால் புகை பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். மேலே ஏறினால் இரண்டு மடிப்பு தாண்டி இருக்கும். உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து, சட்டை கிழிந்து, முழங்கையெல்லாம் கீறி அங்கே போய்ச் சேரும்போதே பாதித் தெம்பு போயிருக்கும். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு வரிசையாக நின்று தீயின் விளிம்பில் அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றிக்கொள்ளும், அதனால் அமுக்கி இழுக்க வேண்டும். அடித்து அணைத்த இடத்தில் கட்டை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். அதற்காக ஒரு ஆளைப் பின்னால் விட்டு வரவேண்டும்.

இதில் உயிர் காக்கும் பாடம் ஒன்று உண்டு. பகலில் காற்று மேட்டை நோக்கி ஏறும், பொழுது சாய்ந்ததும் பள்ளம் நோக்கி இறங்கும். கீழே தீ இருக்கும்போது அதற்கு நேர் மேலே சரிவில் நிற்கக்கூடாது. சரிவில் ஏறும் தீயை ஓடி ஜெயிக்க யாராலும் முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் 23 உயிர் போனதே, காய்ந்த புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக வரும் என்பதை அன்றைக்குத்தான் வெளியுலகம் பார்த்தது. இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு மலையில் நிஜமாகக் கற்றுக்கொடுத்தவர்கள் மலைக் கிராமத்து ஆட்கள். மாரமங்கலத்திலும் கொட்டச்சேட்டிலும் ஒரு பெரியவர் காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்க நிக்காதீங்க சார், அந்தக் கரட்டுக்குப் போயிருங்க" என்று சொன்னால் கேள்வி கேட்காமல் நகர்ந்துவிட வேண்டும்.

அடுத்தது காட்டெருமை. நம் சேர்வராயன் மலையில் யானை, புலித் தொல்லை என்று தினப்படி எதுவும் இல்லை. தினப்படி விஷயம் காட்டெருமைதான். வளர்ந்த கடா ஒரு டன் எடைகூட வரும். காபித் தோட்டத்துக்குள் இறங்கும், வீட்டுப் பின்பக்கம் வந்து நிற்கும். காட்டெருமை வந்துவிட்டது என்று போன் வந்தால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே கூட்டம் கூடியிருக்கும், எல்லார் கையிலும் செல்போன். நேராகப் பார்த்துக்கொண்டிருந்த மாடு பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் காட்டி நின்றால், ஜனங்கள் அது போகத் தயாராகிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டடி முன்னால் வருவார்கள். அது போகத் திரும்புவது இல்லை. 'என் அளவைப் பார்த்துக்கொள்' என்று மிரட்டுவது. அதற்கப்புறம் மூச்சைச் சீறி விட்டால் நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கார்டின் வேலை மாட்டை விரட்டுவது கிடையாது. அது காட்டுக்குத் திரும்பும் பாதையை மறித்து நிற்கும் மனிதர்களைக் கத்தாமல், அவமானப்படுத்தாமல் விலக்குவது. பாதை கிடைத்தால் அதுவே போய்விடும். இந்த வேலையில் முக்கால்வாசி மனிதர்களோடுதான்.

அதனால்தான் சொல்கிறேன், மிருகம் பிடிக்கும் என்பது மட்டும் இந்த வேலைக்குப் போதாது. மனிதர்களையும் பிடிக்க வேண்டும். நம் மலையில் காடும் ஊரும் தோட்டமும் பின்னிக் கிடக்கின்றன. காப்புக்காட்டு எல்லைக் கற்குவியலுக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் ஒருவர் பட்டா நிலம். அந்தப் பட்டாவில் சந்தன மரம் நின்றால் அதை அவர் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. இதை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், நம் மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை) அம்மா ஒருவர் கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக எடுத்து வந்தால் அது அவருடைய உரிமை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள் சேகரிக்கும் உரிமையை அவர்களுக்கு அங்கீகரித்திருக்கிறது. இதைப் படிக்காமல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அந்தம்மாவிடம் மூட்டையைப் பிரிக்கச் சொல்கிற கார்டுக்கு, பங்குனியில் தீ பிடித்தால் அந்த ஊரிலிருந்து ஒரு ஆள் வரமாட்டார். எல்லைக்கல் எங்கே என்று காட்டக்கூட வரமாட்டார்கள்.

இங்கேதான் என் மனசை ரொம்ப நாளாக அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தீத்தடுப்புக் காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் என்று தற்காலிகமாக வேலை பார்க்கும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ராத்திரி ரோந்தில் எங்களுக்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். ஒடிந்த கிளையைப் பார்த்து நேற்று வந்த ஆளா, இன்று வந்த ஆளா என்று சொல்வார்கள். ஆனால் பரீட்சைத் தாளில் அவர்கள் அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது. குரூப் 4-ல் பழங்குடியின இளைஞர்களுக்கென்று தனியாக வனக்காவலர் பணியிடம் ஒதுக்கியிருப்பதை மனதாரப் பாராட்டுகிறேன். அது சரியான முதல் படி. அடுத்த படியாக, காட்டில் வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். கார்டு பதவிக்கும் அது பொருந்த வேண்டும். எழுத்துத் தேர்வோடு ஒரு நாள் மலையில் கூட்டிக்கொண்டு போய் ஒரு களத் தேர்வும் வைக்கட்டும். வரைபடம் கையில் கொடுத்து எல்லையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து மரத்தைக் காட்டிப் பெயர் கேளுங்கள். யார் காட்டுக்கு ஆள் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்று சிலர் சொல்லுவார்கள். இல்லை. அம்மாபேட்டையில் பிறந்த பையனும் ஆறு மாதம் ஆசைப்பட்டுச் சுற்றினால் வேங்கை மரத்தையும் ஈட்டி மரத்தையும் பிரித்துச் சொல்லிவிடுவான். அவன் அப்படிச் சுற்ற ஒரு காரணம் வேண்டும். தேர்வில் கேட்டால்தான் அந்தக் காரணம் வரும்.

தங்கச்சிகளுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் தாராளமாக வரலாம். மலைக் கிராமத்துப் பெண்கள் எங்களிடம் சொல்லத் தயங்கியதையெல்லாம் ஒரு பெண் கார்டிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கள்ளச் சாராய ஊறல் எங்கே, வெளியூர் ஆள் யார் வந்து போகிறான், எல்லாமே. ஆனால் காட்டு முகாமில் கழிவறையும் தாழ்ப்பாள் உள்ள அறையும் இல்லாமல் பெண்களை ராத்திரிப் பணிக்கு அனுப்புவது தப்பு. அதைச் செய்து கொடுத்துவிட்டு வேலை வாங்குங்கள் என்று அதிகாரிகளிடம் நாங்கள்தான் உரக்கக் கேட்க வேண்டும். இனி வரப்போகிறவர்களும் கேளுங்கள், தயங்காதீர்கள்.

குடும்பத்தோடும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் மிரண்ட காட்டெருமை எங்கேயாவது நிற்கும், பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் ஏறுவார்கள், கோடை விழாவில் கேட்கவே வேண்டாம். ஊரே கொண்டாடும் நாளில்தான் நமக்கு ரோந்து. கல்யாணம் பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது. ஆபத்தும் உண்டு. செப்டம்பர் 11-ஐ தேசிய வனத் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறோம். 1730-ல் ராஜஸ்தான் கேஜர்லியில் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவு நாள் அது. பணியில் இறந்த எங்கள் ஆட்களுக்கும் அன்றைக்குத்தான் மரியாதை செலுத்துகிறோம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும், "எனக்கு வேணுங்கய்யா" என்று சொல்கிற தம்பி தங்கைகளுக்கு இனி நடையைப் பற்றிச் சொல்கிறேன். 25 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் முடிக்க, மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர் போட வேண்டும். கொஞ்சம் விரைந்த நடைதான், ஓட வேண்டியதில்லை. ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் கால் கொப்பளம்தான் ஆளைக் கவிழ்க்கும். புது ஷூவை அன்றைக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள், இரண்டு மாதம் பழகிய ஷூ போதும். காட்டன் சாக்ஸ் வியர்வையில் நனைந்தால் தோலை உரிக்கும். முதலில் எட்டு, பிறகு பன்னிரண்டு, பிறகு பதினெட்டு என்று வாரம் ஒரு நீண்ட நடை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் காந்தி மைதானத்தில் சுற்றினாலே போதும். தேர்வுக்கு முந்தின வாரம் நீண்ட நடை வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் பக்கத்து ஆளோடு போட்டி போடாதீர்கள், அவர் எப்படிப் போனால் உங்களுக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் நடக்கிறேன். வழியில் நிற்கும் மரங்களின் பெயரும் சொல்லித்தருகிறேன். சேர்ந்து நடக்க வருகிறவர்கள் வரலாம். தண்ணீர் பாட்டிலை நீங்களே கொண்டு வாருங்கள், காலி பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டும் போங்கள்.