வோல்ட் மீட்டரையே தொடாமல் ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னால் எப்படி?

பினாங்கில் என் பழைய டட்சன் 120ஒய் காரை எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் முதல் வார்த்தை இதுதான்: "ஸ்டார்ட்டர் போச்சுண்ணே, மாத்திடலாம்." இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரைத்தான் சொல்கிறார்கள், அதுவும் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே! வயிறு எரிகிறது.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியோ 12.6 வோல்ட் காட்டுகிறது, அதாவது முழு சார்ஜ். சரி, பேட்டரி மைனஸை இஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் வயரைப் பார்க்க வேண்டாமா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை இஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த எர்த் பாதையில்தான். கடல் காற்று அடிக்கிற ஊர் இது. போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துக் கிடக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தீர்கிற விஷயம்.

அப்புறம் இன்னொரு வகைக் கோளாறு. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இஞ்சின் ஓடும், விட்டதும் அணைந்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது, பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலுக்கு நேராகக் கரண்ட் போகும். சாவியை விட்டபின், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். அந்தச் சின்ன வெள்ளைப் பீங்கான் துண்டுக்குள் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது சாவி சுவிட்சின் ஒரு முனை தேய்ந்திருக்கலாம். இதற்கும் ஸ்டார்ட்டரையா கழற்றுவார்கள்? அது சுற்றியதால்தானே இஞ்சினே பிடித்தது!

காசு போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கழற்றிய ஒரிஜினல் ஸ்டார்ட்டரை பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.