வளரவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

சனிக்கிழமை நான் போட்ட, ஒரு சாமத்திய வீட்டில் (பூப்புனித விழாவில்) எடுத்த என் சுருட்டைத்தலை மகளின் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் அப்படியே இருங்கள், பாதியை அழித்துவிட்டேன். "பிள்ளைக்குத் தலைமயிர் வளராதோ?" என்று ஒரு அன்ரி தொடங்க, "ஒருக்கா மொட்டை போட்டுவிடும், நேராய் வளரும்" என்று இன்னொருவர், அதற்கு 17 சிரிப்பு முகங்கள். ஆமாம், எண்ணினேன்.

(தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் ஊரில் தலைமயிர் கெட்ட வார்த்தை இல்லை. இன்றைக்கு நீங்கள் எப்படி வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.)

வளருகிறது. என் மகளின் தலைமயிர் வளருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை குளித்த ஈரத்தோடு ஒரு சுருளைப் பிடித்து மெல்ல நீட்டி, தையல் பெட்டியில் கிடந்த நாடாவால் அளந்தேன்: 31 சென்டிமீட்டர், தோளைத் தாண்டிவிட்டது. விட்டேன். காதுக்கு மேலே ஓடிப்போய்ச் சுருண்டுகொண்டது, 9 சென்டிமீட்டர். அவள் கண்ணாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், இன்னொருக்கா, இன்னொருக்கா என்று. நீங்கள் படத்தில் பார்த்தது அந்த 9. மிச்சம் 22 சென்டிமீட்டர் உள்ளே சுருண்டு கிடக்கிறது, உங்களிடம் அனுமதி கேட்காமல்.

மொட்டை என்கிறவர்களுக்கு: பிறந்த 31ஆம் நாள் துடக்குக் (தீட்டு) கழிவுக்கே போட்டாயிற்று. சுருளைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கிற வேர்ப்பை. அது வளைந்திருந்தால் மயிர் வளைந்துதான் வெளியே வரும். சவரக்கத்தி அவ்வளவு ஆழத்துக்குப் போகாது, போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருஷம் அது நீளவே இல்லை, காரணம் நான்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா எனக்குச் செய்தது: காய்ந்த தலையில் தேங்காய் எண்ணெயை அப்பி, நெருக்குப் பல் சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுவை. பிள்ளை கத்துவாள், நான் அதட்டுவேன், சீப்பு நிறையத் துண்டு துண்டாய் மயிர். வேரோடு வந்த மயிர் இல்லை, நடுவில் முறிந்தது. இறுகச் சுருண்ட மயிரில் ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்மயிரில் வழுக்கி நுனிவரை போகும், சுருளில் இறங்காது, அதனால் நுனி காய்ந்தே கிடக்கும். வேரில் வளர வளர நுனியில் முறிந்தால் எப்படி நீளும்? கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும் என்பதும் உண்மை, அளந்திருக்கிறார்கள். மெதுவாக என்றால் வளராது என்று அர்த்தமா, அன்ரி? வளர்ந்ததை முறிக்காமல் வைத்திருப்பதுதான் முழு வேலையும்.

சரியான முறையைச் சொல்லித் தந்தது என் மாமியார், கானா நாட்டுக் குமாசிக்காரர். பிள்ளை அவரை நானா என்று கூப்பிடுவாள், கானாவில் பாட்டியை அப்படித்தான். வந்திறங்கிய அன்றே என் சீப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, எடுத்துக் குப்பையில் போட்டார். பிறகு பிள்ளையை முழங்காலுக்கு இடையில் இருத்தித் தலையை எட்டாகப் பிரித்து, தண்ணீரும் கண்டிஷனரும் சொட்டச் சொட்ட, முதலில் விரலால், அப்புறம் அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தார். ஈரம் இருக்கும்போதே ந்குடோ, அதாவது ஷியா வெண்ணெய், உள்ளங்கையில் உருக்கித் தடவினார். பிறகு இரண்டிரண்டாக முறுக்கினார். சில நாள் கறுப்பு நூல் சுற்றுவார், சூடு வைக்காமலே நீட்டுகிற வித்தை அது. இரவில் சாட்டின் தொப்பி, பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று. முறுக்குவதும் இறுக்கமாய் இருக்கக்கூடாது, நெற்றி ஓரம் இழுபட்டால் அந்த இடம் வழுக்கையாகிவிடும். ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம் இதற்கே போகும். பிள்ளை இப்போது கத்துவதில்லை, தூங்கிவிடுகிறாள்.

"அக்கறையில்தானே கேட்டோம், ஏன் இவ்வளவு கோபம்?" அக்கறை உள்ளவர் தனியாகக் கேட்பார். சிரிப்பு முகம் போடமாட்டார்.

"ஒரு நாளைக்கு ஸ்ட்ரெயிட்னர் போட்டால் என்ன, சாமத்திய வீட்டுப் படம் வடிவாய் வந்திருக்குமே?" வடிவாய்த்தான் வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் வெந்த சுருள் திரும்பாது, வெட்டத்தான் வேண்டும். மருந்து போட்டு நேராக்கச் சொன்னவர்கள், 2022இல் அமெரிக்காவில் வந்த ஆய்வைத் தேடிப் படியுங்கள்: அடிக்கடி நேராக்கும் மருந்து பாவித்த பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அந்த மருந்துதான் காரணம் என்று அவர்கள் முடிவாகச் சொல்லவில்லை, தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் நான் பரீட்சித்துப் பார்க்கத் தயாரில்லை.

"கறுப்பினப் பெண்களே நேராக்குகிறார்கள், அவர்களே ஒட்ட வெட்டுகிறார்கள்." அவர்கள் தலை, அவர்கள் இஷ்டம். ஒட்ட வெட்டுவதும் எல்லோருக்கும் இஷ்டமாய் இருக்கவில்லை. கானாவில் அரசுப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகள் ஒட்ட வெட்ட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம், நானாவுக்கும் வெட்டினார்கள். அதைச் சொல்லும்போது இப்போதும் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோவார். இங்கே இங்கிலாந்திலும் 2022இல்தான் சமத்துவ ஆணைக்குழு, மயிரைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைத் தண்டிப்பது இனப்பாகுபாடாகலாம் என்று பள்ளிக்கூடங்களுக்கு எழுதிச் சொன்னது. வெள்ளைக்காரனுக்கு எழுதிச் சொல்ல ஆணைக்குழு இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு யார் எழுதுவது?

சரி, மயிரைப் பற்றித்தான் கதைக்கிறோமா? படத்தில் பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைக்குத் தோள்வரைதான் மயிர். அவளை ஒருவரும் கேட்கவில்லையே. இவளுக்கு மட்டும் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்குப் பின்னால், இவள் ஏன் இப்படி இருக்கிறாள், நீ ஏன் அவனைக் கட்டினாய் என்ற பன்னிரண்டு வருஷத்துப் பழைய கேள்வி நிற்கிறது. அதையே நேராகக் கேளுங்கள், பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், பெருமையாக. ராத்திரி என் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து எழுத்துக்கூட்டிக் கேட்டாள்: "அம்மா, மொட்டை என்றால் என்ன?"

அடுத்த மாதம் மாமா வீட்டுக் கலியாணம். சவுரி கொண்டுவருகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானா புது நூல்கட்டை வாங்கி வைத்திருக்கிறார். பார்க்கிறவர்கள் பாருங்கள், தொட்டுப் பார்க்க மட்டும் வராதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.