விளையாடுவதற்கா கட்டணம்?

"பேச வைக்கத்தான் அழைத்து வந்தோம், நீங்கள் முக்கால் மணி நேரமும் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தீர்களே மேடம்" என்று, மூன்று வயது நிரம்பாத மகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வந்த ஒரு தந்தை கேட்டார். கோபமாக அல்ல, கட்டணத்தை நீட்டியபடியே, தயங்கித் தயங்கித்தான் கேட்டார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மிகவும் பழகிப்போன கேள்வி என்பதால், அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

அன்று அந்தக் குழந்தையின் கையில் இருந்தது, சாவி கொடுத்தால் தத்தித் தத்தி ஓடும் ஒரு பிளாஸ்டிக் கோழிக்குஞ்சு. சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். அதன் சாவியைத் திருகும் வலு சின்ன விரல்களுக்குக் கிடையாது. அதற்காகவே அதை வாங்கி வைத்திருக்கிறேன். பொம்மை நின்றதும் அவள் எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் சாவி கொடுத்து, "விடு" என்று சொல்லித் தரையில் விட்டேன். இப்படி நான்கைந்து முறை நடந்த பிறகு, சாவி கொடுத்த பொம்மையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இருந்தேன். அவள் பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பொம்மையைப் பார்த்தாள். பிறகு "இடு" என்றாள். வகரம் இல்லைதான், ஆனால் அது யாரும் "சொல்லு" என்று கேட்காமல், தன் தேவைக்காக அவளே எடுத்த சொல். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த தந்தைக்குக் கோழிக்குஞ்சு ஓடியது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

வீட்டில் பொம்மையைக் கையில் எடுத்தவுடனேயே நாம் தேர்வு நடத்தத் தொடங்கிவிடுகிறோம். இது என்ன கலர், மாடு எப்படிக் கத்தும், ஒன்று இரண்டு சொல்லு என்று கேள்வி மேல் கேள்வி. பேச்சு வராத குழந்தைக்கு நிறங்களின் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தா, வா, போ, எடு, திற, ஊது ஆகியவைதான் அதற்கு உடனடியாகக் காரியம் முடித்துத் தரும் சொற்கள், அவை இவ்வளவு குறுகியவையாக இருப்பது தமிழ்க் குழந்தைகளின் அதிர்ஷ்டம். மூடி இறுக்கிய ஒரு கண்ணாடி டப்பாவுக்குள் பிடித்த பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், "திற" என்பதற்கான தேவை தானாகவே பிறந்துவிடும்.

பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் பாடும் பொம்மைகளை நான் பரிந்துரைப்பதில்லை. 2016 ஆம் ஆண்டு ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 இணைகளை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். புத்தகத்தோடும் சாதாரண பொம்மைகளோடும் விளையாடியபோது பேசியதைவிட, மின்னணு பொம்மையோடு விளையாடியபோது பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். புத்தகத்தோடு இருந்தபோதைவிடக் குழந்தைகள் எழுப்பிய ஒலியும் குறைந்திருந்தது. பொம்மை பேசினால் அம்மா வாயை மூடிக்கொள்கிறாள், அவ்வளவுதான். நம் பாட்டிமார்களின் "நண்டூருது, நரியூருது" விளையாட்டுக்கு பேட்டரியும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். விரல்கள் அக்குளை எட்டுவதற்குச் சற்று முன்னால் பாட்டி நிறுத்துவாளே, அந்த ஒரு கணத்தில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கும். எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி அந்த நிறுத்தம்தான்.

விளையாட்டு எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. பேச்சு தாமதமானால் முதலில் செவித்திறன் பரிசோதனை. அது முடியாமல் பொம்மைக் கூடையை நான் திறப்பதில்லை. ரகரமோ ழகரமோ திருந்தாத ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சிதான் வேலை செய்யும். தாயக்கட்டை அங்கே அலுப்பைப் போக்க மட்டுமே.

அடுத்த முறை அந்தத் தந்தையையும் உள்ளே அழைத்துத் தரையில் உட்கார வைத்து, கேள்வி கேட்காமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி காத்திருக்கச் சொன்னேன். மகள் கோழிக்குஞ்சை அவர் கையில் வைத்தாள். அவர் ஆசையாகக் குனிந்து, "பாப்பா, இது என்ன கலர்?" என்றார். நான் பார்த்த பார்வையில் உதட்டைக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் எண்ணத் தொடங்கினார்.