குடிவந்தவர் விற்ற ஊர்

(தரங்கம்பாடி. 1792-இல் எழுப்பிய நகர வாயிலைக் கடந்து, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தரான மாமனாரும் அவருடைய மருமகனும் கோட்டையை நோக்கி நடக்கிறார்கள். இருவருக்கும் இடையே உள்ள மரியாதை, வெயிலைவிடச் சற்றே கடுமையானது.)

மருமகன்: அதோ தெரிவதுதான் டேன்ஸ்போர்க் கோட்டை, மாமா. தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620-இல் டென்மார்க் நாட்டுக் கப்பற்படைத் தலைவர் ஓவே கெட்டே கட்டத் தொடங்கினார்.

மாமனார்: அனுமதி என்றால் கிரயமா, குத்தகையா, மாப்பிள்ளை?

மருமகன்: ஆண்டுதோறும் பணம் செலுத்துவதாக ஏற்பாடு. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையிலேயே கடிதம் எழுதியிருக்கிறார். அது இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

மாமனார்: எழுத்தை எல்லாம் குடிவந்தவர் கையில் கொடுத்துவிட்டால், உரிமையாளர் எதைக் காட்டி வாடகை கேட்பார்? சரி, எப்போது காலி செய்தார்கள்?

மருமகன்: 225 ஆண்டுகள் இருந்தார்கள். பிறகு, 1845-இல், ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

மாமனார்: (குடையை மடக்கி, நடுத்தெருவில் நின்று) விற்றார்களா? குத்தகைக்கு வந்தவர் விற்க, வில்லங்கம்கூடப் போட்டுப் பார்க்காமல் இன்னொருவர் வாங்கியிருக்கிறாரே! இந்தப் பத்திரத்தை என்னிடம் எழுதச் சொல்லியிருந்தால், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன்.

மருமகன்: (பேச்சை மாற்ற முயன்று) 1706-இல் இங்கே வந்த ஜெர்மானியக் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு, அச்சுக்கூடம் அமைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இடையில் ஆளுநரோடு பிணக்கு ஏற்பட்டு, இதே கோட்டையில் சிறையிருந்தார்.

மாமனார்: குடியிருந்தவர் ஓர் உள்குடியையும் வைத்து, அவரை அறையில் பூட்டியும் இருக்கிறார். இதற்குத் தனி வழக்கு.

மருமகன்: அந்தப் பக்கம் மாசிலாமணிநாதர் கோயில், மாமா. 1306-இல் குலசேகர பாண்டியர் காலத்தில் எழுந்தது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

மாமனார்: பத்திரத்தில் நான்கு எல்லைகளைக் குறிக்கும் செக்குபந்தியில் ‘கிழக்கே கடல்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். பக்கத்து மனைக்காரர் இரவோடு இரவாக வேலியை நகர்த்தினால் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். இவரிடம் அறிவிப்பை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? (சிறிது யோசித்து) மாப்பிள்ளை, நீங்கள் குடியிருக்கும் நம் மாடி வீட்டுக்கு இன்னும் ஒப்பந்தம் எழுதவில்லை அல்லவா?

மருமகன்: மாமா, நான் உங்கள் மகளின் கணவன்!

மாமனார்: நாயக்கரும் அவர்களை விருந்தாளிகள் என்றுதான் நினைத்திருப்பார். நாளை நல்ல நாள், எழுதிவிடுவோம்.